இலையின் நுனியும் சர்க்கஸ்காரரின் வலது கையும்

பிணத்தின் வலது கை எப்போதும் என் வலது கைப் பக்கம்தான் இருக்கும் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரேதப் பரிசோதனைக் குறிப்பு எழுதுவதே என் உத்தியோகம்.

அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்துக்கு சர்க்கஸ் வந்தால் சிங்கம் உறுமுவது கரமனை அக்கிரகாரம் வரை கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே மோர்சாதம் பிசைவது தனி சுகம். அப்படி வந்த ஒரு சர்க்கஸில், பார் விளையாட்டில் பறந்தவர் பிடி நழுவி விழுந்து இறந்துபோனார். எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கி அவரைப் பிடிக்க வேண்டியவர் வேண்டுமென்றே கைவிட்டார் என்று சந்தேகம். அவரைப் போலீஸ் ஸ்டேஷனில் அடைத்துவிட்டார்கள்.

பரிசோதனையின்போது டாக்டர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, "இந்த மணிக்கட்டுல விரல் பதிஞ்ச தடம், அந்தத் தோள் விலகியிருக்கு" என்று கத்தரிக்கோலால் காட்டினார். பிணத்தின் கால்மாட்டில் அரைக்கண் மூடி நின்ற நான், என் கணக்குப்படி இடம் வலம் போட்டு எழுதினேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"சாமி எழுதினது நன்னாயி. இடது கையத்தான் பிடிச்சேன், வலது கை மேல வரவே இல்லன்னு அவன் ஒரே சாதிப்பு. தடம் இருக்கது வலது கையில அல்லே? கள்ளன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடுதான் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி இலை போட்டாள். நுனி என் இடப்பக்கம். சாம்பார்சாதம் பிசையும்போது, எதிரே குனிந்து இன்னும் கொஞ்சம் கறி வைத்தவளைப் பார்த்ததும் என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"நுனி எந்தப் பக்கம் இருக்கு, சொல்லு."

"உங்களுக்கு இடது, எனக்கு வலது. இத்தனை வருஷம் இது தெரியாமத்தான் சாப்பிட்டேளா?"

சாம்பார்க் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஜெயிலில் அந்த மனிதருக்கு இடப்பக்க அறை எனக்குத்தான் என்று தோன்றியது. அவருக்கு இடப்பக்கமா, எனக்கு இடப்பக்கமா என்று வழியெல்லாம் குழப்பம் வேறு.

டாக்டர் நாஞ்சில் நாட்டுக்காரர். "இடமும் வலமும் மாறிப்போச்சு, சார்" என்றேன்.

"யாருக்கு?"

"பிணத்துக்கு."

"பிணத்துக்கு மாறாது, ஓய். ஒமக்குத்தான் மாறும். வாரும்."

சர்க்கஸ்காரர்கள் சவத்தை வாங்க வாசலில் காத்திருந்தார்கள். டாக்டர் உள்ளே போய் மறுபடி பார்த்து, தன் கையாலேயே குறிப்பைத் திருத்திக் கையெழுத்திட்டார். பொழுது சாய்வதற்குள் அந்த மனிதரை விட்டுவிட்டார்கள்.

பறந்தவருக்கு வலது தோள் முன்பே ஒருமுறை விலகியிருந்தது. அன்று அந்தரத்தில் அது மறுபடி விலகிவிட்டது. எதிரே தொங்கியவர், கிடைத்த இடது கையை அது நழுவும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.