மரியாதையால் தோற்ற ஹொக்கி அணி

1936ஆம் வருஷம் கொழும்பு வெள்ளவத்தையில் கதிர்காமநாதனைக் கண்டவர்களெல்லாம் "என்ன கதிர், இந்த முறையும் சைபரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் அங்கால் போனார்கள். பகலில் மனுஷன் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோர்க் கிளாக்கர். பின்னேரத்தில் ஹொக்கி அணிக் கப்டன். அந்த வருஷம் ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் தோல்வி. கோல் என்று ஒன்று அடித்தால்தானே!

கழகத் தலைவர் நமசிவாயத்தாருக்குப் பொறுமை போய்விட்டது. "மூண்டு வருஷம் தாறன். கொட்டாஞ்சேனைக்காரரை ஒருக்கா எண்டாலும் வெல்லோணும். இல்லாட்டி மட்டையெல்லாம் அடுப்புக்கு. நாங்கள் சீட்டு விளையாடுற கழகமா மாறுவம்."

சீட்டாம்! கதிருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மைதானத்தை விட்டால் அவருக்கு இருந்தது கந்தோர்க் கோப்பும் வீட்டு நுளம்புக்கடியும்தான்.

முதல் வேலையாகத் தொந்தி வைத்த ஏழு பேரை அணியிலிருந்து நிற்பாட்டினார். அதில் ஒருவர் மைத்துனர். மனைவி நாகேஸ்வரி ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. புதிசாக இளம் பொடியளைச் சேர்த்தார். அவர்களும் தோற்றார்கள். "அவசரப்படாதேங்கோ" என்றார் கதிர். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

அடுத்த வருஷம்தான் கோளாறு பிடிபட்டது. எல்லாம் வாயால் வந்த வினை. பொடியள் பந்து கேட்கும்போது, "அண்ணை, ஒருக்கா இஞ்சாலை தாங்கோ" என்றார்கள். அந்தத் "தாங்கோ" முடியுமுன் எதிரணி பந்தைக் கொண்டு போய்விடும். இப்படியொரு மரியாதை எந்த அணிக்கு வரும்!

உடனே சட்டம் போட்டார். மைதானத்துக்குள் அண்ணையும் இல்லை, ஐயாவும் இல்லை. எல்லாரும் "டேய்". பந்து வேண்டுமென்றால் "தா". மீறினால் மைதானத்தைச் சுற்றி ஒரு ஓட்டம்.

மற்றவர்கள் ஒரு கிழமையில் பழகிவிட்டார்கள். கப்டனை டேய் என்று கூப்பிடுவதில் சிலருக்கு அளவுக்கு மிஞ்சிய சந்தோஷம். மர்ஸூக் மட்டும் திருந்தவில்லை. அவன் புடவைக்கடையில் நிற்கிறவன். நாள் முழுக்க "வாங்க, இருங்க, பாருங்க" என்ற வாய். மற்றவர்களுக்கு அண்ணை என்றால் அவனுக்கு நானா. "நானா, பந்தைத் தாங்க" என்பான், நாக்கைக் கடிப்பான், ஓடுவான். "உம்மா கேட்டா என்னைக் கொல்லுவா நானா" என்பான். அதற்கும் ஒரு சுற்று. ஓடி ஓடியே அணியில் ஆகக் கெதியாக ஓடுகிறவன் அவனென்று ஆகிவிட்டது. எல்லாம் தன் திட்டம்தான் என்று கதிர் பிறகு சொல்லித் திரிந்தார். பச்சைப் பொய்.

1939. கொட்டாஞ்சேனையுடன் கடைசி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. ஒரு நிமிஷம்தான் மிச்சம். பந்து கதிரின் மட்டையில். முன்னால் எதிரணியில் இரண்டு பேர். அந்தக் கோலைத் தானே அடிக்கவேண்டும் என்று அவருக்குப் பேராசை. மூன்று வருஷம் ஏச்சுத் தின்றவனுக்கு ஆசை வராதா? ஆனால் பாழாய்ப்போன முழங்கால் இழுத்தது.

இடப்பக்கமிருந்து மைதானமே அதிர ஒரு குரல்: "டேய் கதிர்! தாடா!"

திடுக்கிட்ட திடுக்கில் பந்தைத் தள்ளிவிட்டார். மர்ஸூக் அடித்தான். கோல்! விசிலும் ஊதியாயிற்று.

மர்ஸூக் அழுதுகொண்டு ஓடிவந்தான். "நானா, வாய் தவறிட்டு. மன்னிச்சுக்கோங்க."

"விசரா!" என்று கதிர் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பாதி சந்தோஷம், பாதி கடுப்பு.

நமசிவாயத்தார் வந்து கையைப் பிடித்தார். "அடுத்த வருஷமும் நீர்தான் கப்டன்."

"வேண்டாம். இவனைப் போடுங்கோ. எனக்கு இனி ஓடேலாது" என்றார் கதிர். சொன்னவர் மற்றப் பக்கம் திரும்பி நின்று விக்கி விக்கி அழுதார்.