தென்னையில் சிக்கிய கனடா சாயிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ் புழுதியைத் துடைக்கக்கூட விடவில்லை. ஒரு கவரைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள் அக்கா. வெளிநாட்டு ஸ்டாம்ப். கனடா!

"மூணு நாளாச்சு மக்கா. அவிய தொடமாட்டேங்காவ. நீ பிரிச்சு வாசி" என்றாள்.

'அவிய' என்றால் அத்தான். தாலூக்கா கச்சேரியில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஈஸிசேரில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மைக்காரி நம்மளத் திட்டித்தான் எழுதியிருப்பா. எல்லாம் உன்னாலயாக்கும்" என்றார்.

என்னாலா? ஆமாம்... என்னால்தான். யாருடைய அம்மா என்கிறீர்களா? சொல்கிறேன்.

யுத்த சமயத்தில் பூவார் கடற்கரை மணலில் ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் இறங்கியது. ஓட்டி வந்தவன் டாம் என்ற கனடாக்காரன். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். உதிரி பாகம் வரும்வரை அவனை எங்கே தங்க வைப்பது? சுற்றுவட்டாரத்தில் சரளமாக இங்கிலீஷ் பேசுகிறவர் அத்தான் ஒருவர்தான். ஆக, நாலு நாள் அக்கா வீட்டில் வெள்ளைக்காரச் சாயிப்பு விருந்தாளி! மரச்சீனிக் கிழங்கும் மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் — கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கேட்டு வாங்கித் தின்றான். அக்காவை 'அம்மா' என்று கூப்பிடவும் பழகிவிட்டான்.

புறப்படுகிற நாளில் ஓர் ஆசை. தன் கையாலேயே அக்காவுக்கு இளநீர் பறித்துத் தர வேண்டுமாம். மரமேறியிடம் கால் தளையை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினான். பாதி மரம் போய்க் கீழே பார்த்தான்... அவ்வளவுதான். மரத்தைக் கட்டிக்கொண்டான். மேகத்துக்கு மேலே பறக்கிறவனுக்குத் தென்னையின் பாதியில் தலைசுற்றல்!

ஊரே கூடிவிட்டது. அக்கா அடியில் நின்று, "கீழ பாக்காதே மக்கா. நான் இஞ்ச உண்டு. ஒரு காலை எறக்கு... ஆங், அடுத்த காலு" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவனுக்கு என்ன புரிந்ததோ, அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டான். தரையில் கால் பட்டதும் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான்.

சில மாதம் கழித்து, கடலுக்கு மேலே போன அவன் விமானம் திரும்பவில்லை. படையில் அவனோடு இருந்த நண்பன் அத்தானுக்கு எழுதியிருந்தான். அன்று அக்கா அடுப்பு பற்ற வைக்கவில்லை. சொந்தத்தில் சாவு விழுந்தால்தானே அப்படிச் செய்வோம்? அத்தானும் ஒன்றும் கேட்காமல் பட்டினி கிடந்தார்.

டாமைத் தெரிந்தவர்கள் நாலு வரி எழுதினால் அவன் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று முகவரியும் அனுப்பியிருந்தான் நண்பன். அத்தான் எழுதினார். எப்படி? 'மேற்படி விமானி எமது வீட்டில் தங்கிய நாலு நாட்களிலும் அவரது நடத்தை திருப்திகரமாக இருந்தது என்பதைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.' கச்சேரியில் எழுதித் தேய்ந்த கை, வேறு எப்படி எழுதும்? பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு நன்னடத்தை சர்டிபிகேட்!

நான் படித்துச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெங்குல ஏறின கதை எங்கலே?"

"செத்துப்போன பயலுக்க மானத்த வாங்கவா? அதெல்லாம் எழுதப்பிடாது" என்றார் அத்தான்.

அவர் குளிக்கப் போன நேரத்தில், அக்கா சொல்லச் சொல்ல, அடியில் ஒரு பின்குறிப்பு சேர்த்தேன். டாம் ஏறியது, மாட்டிக்கொண்டது, இறங்கிச் சிரித்தது எல்லாம் சொன்னாள். தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. கவரை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டுத்தான் அத்தானிடம் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு முறைப்பு.

இப்போது பதில் வந்திருக்கிறது. கவரின் ஓரத்தைக் கிழித்தேன். பெற்ற வயிற்றை நோகடித்துவிட்டோமோ?

வாசித்தேன்.

'பெரிய அதிகாரிகள் பலர் எழுதினார்கள். வீரன் என்றார்கள். அந்தக் கடிதங்களில் என் பையனை நான் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசியில் பார்த்தேன். ஒன்பது வயதில் எங்கள் தானியக் கொட்டகைக் கூரையில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதான். நான் கீழே நின்று பேசிப் பேசி இறக்கினேன். அங்கேயும் யாரோ மரத்தடியில் நின்று பேசித்தான் இறக்கியிருப்பார்கள். யார் அது? தயவுசெய்து எழுதுங்கள்.'

தமிழில் சொல்லி முடித்தேன். அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா? இரண்டும்தான்.

அத்தான் மெல்ல எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பேனாவை எடுத்து, 'மேற்படி மரத்தடியில்...' என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். அதை அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்.

"நீ எங்க நின்னே? என்னவெல்லாம் சொன்னே? ஒண்ணு விடாம சொல்லு, கேட்டியா" என்றார் அக்காவிடம்.

இந்தத் தடவை பின்குறிப்பு எழுத எனக்கு வேலையே இல்லை — கடிதம் முழுக்கத் தென்னைமரம்தான்!