ஒன்பதுக்கு எட்டு

நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பளவு. நான்காம் வகுப்பில் இந்த ஒரு வரியைக் கற்றுக்கொண்ட வாரத்தில் என் தலைக்கனம் தாங்க முடியாததாக இருந்தது. கரும்பலகையை அளந்தேன், மேசையை அளந்தேன், கோழிக்கூண்டைக்கூட விட்டுவைக்கவில்லை. அதே வாரத்தில் அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்களே, அதுதான் என் கெட்ட காலம்.

எழுபதுகளின் கடைசி. கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் வீடு. கூடத்துச் சிமெண்டுத் தரை வெடித்துக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆயர் தாவாரில் சொந்தமாக லாரி ஓட்டுபவர்கள். அவர்கள் கண்ணில் அந்தத் தரை படவே கூடாது, தீக்கார் விரித்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். தீக்கார் என்றால் கடை வாசலில் சுருள் சுருளாக நிற்குமே, பூப்போட்ட ரப்பர் விரிப்பு, அது. இந்தச் சம்பந்தம் கைநழுவினால் இன்னொன்று வராது என்பது அம்மாவின் பயம். அக்காவுக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் முடிந்தால் வேலைக்கெல்லாம் போகக் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். அக்கா வாயே திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

கடையில் அப்பா பதினெட்டு அடி கேட்டார். சுருளின் அகலம் ஆறடி. ஒன்பது அடியில் இரண்டு துண்டு போட்டு, மிஞ்சுவதை மடக்கிவிடலாம் என்பது அவர் யோசனை. நான் குறுக்கே விழுந்தேன்.

“நம்ம கூடம் ஒம்போதுக்கு எட்டுப்பா. எழுவத்திரெண்டு சதுர அடி. ஆறால வகுத்தா பன்னெண்டு. பதினெட்டு எதுக்கு? வேஸ்ட்டு லா.”

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கடைக்காரச் சீனர், போதுமா என்ற பொருளில், “சுக்கோப்கா?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்பா என் தலையில் கைவைத்துக்கொண்டு “சுக்கோப், சுக்கோப்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விரித்தோம். ஒன்பது அடிக்கு வெட்டிப் போட்டதும் கூடத்தில் ஆறடி அகலம் மூடியது. சுவரோரம் இரண்டடி அகலத்துக்குச் சிமெண்டு பல்லைக் காட்டியது. மிச்சமிருந்த துண்டோ மூன்றடிக்கு ஆறடி. அப்பா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் தரை தெரிந்தது.

“படிச்ச புள்ள சொல்லிருச்சாம், இவரும் வாங்கிட்டு வந்துட்டாராம்! மூணு மணிக்குக் காரு வந்து நிக்கப் போவுது. நான் எங்க போயி முட்டிக்குவேன்!” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்காதான் கத்தரிக்கோலை எடுத்தாள். மிச்சத் துண்டை இரண்டடி இரண்டடியாக மூன்று துண்டுகள் ஆக்கினாள். வரிசையாக வைத்ததும் சுவரோரம் கச்சிதமாக மூடிக்கொண்டது. “பாத்தீங்களா, கணக்கு சரிதான்!” என்று குதித்தேன். அம்மா முறைத்த முறைப்பில் அடங்கிப்போனேன்.

அப்பா தோட்டத்து ஸ்டோரிலிருந்து ரப்பர்ப் பால் கொண்டுவந்து ஒட்டினார். நடுத்துண்டின் ஒரு மூலை மட்டும் படிய மறுத்தது. அம்மிக்குழவியை வைத்து அழுத்தினால் படியும், எடுத்தால் எழும்பும்.

“கணக்குப் போட்டவ நீதானே? அவங்க கெளம்புற வரைக்கும் அந்த மூலை மேல உக்காந்துக்க. அசைஞ்சே, தோலை உரிச்சிருவேன்” என்றாள் அம்மா.

அக்கா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜாடி நிறையத் தண்ணீரும் குவளைகளும் கொண்டுவந்து கூடத்து முக்காலியில் வைத்தாள்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலை சரசரக்க என் எதிரிலேயே உட்கார்ந்தார்.

“என்னா பாப்பா, கீழ ஒக்காந்திருக்க? மேல வந்து ஒக்காரு லா.”

எனக்குக் குப்பென்று வியர்த்தது. “அவளுக்குத் தரைதாங்க பிடிக்கும்” என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு மட்டும் தெரியும். கால் மரத்துப்போனது. மூக்கு அரித்தது. அசைந்தால் அக்காவின் கல்யாணம் போச்சு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அக்கா கோப்பித் தட்டுடன் வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பாப்பா, உள்ள போயி ஒரு கிளாஸ் தண்ணி கொண்டா.”

அம்மாவைப் பார்த்தேன். அவள் பேச்சு மும்முரத்தில் இருந்தாள்.

“போடி, சீக்கிரம்.”

அக்கா என்னை அதட்டி நான் கேட்டதே இல்லை. எழுந்து ஓடினேன். குவளை நிரம்பியபோது கூடத்தில் தட்டு விழுந்த சத்தம். ஓடி வந்தேன். மூலை எழும்பி நின்றது. அக்கா முழங்காலில் விழுந்து கிடந்தாள். பட்டுச்சேலை முழுக்கக் கோப்பி.

சகுனம் சரியில்லை, சம்பந்தம் வேண்டாம் என்கிறார்கள் என்று பிறகு கல்யாணத் தரகர் வந்து சொன்னார். அம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. “நான்தாம்மா அவள எந்திரிக்கச் சொன்னேன்” என்று அக்கா சொல்லியும் பலனில்லை. “இவ ஒழுங்கா கணக்குப் போட்டிருந்தா எதுக்கு அங்க ஒக்காரணும்?” என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த மாதம் அக்கா ஈப்போவுக்கு பஸ் ஏறினாள். முதல் விடுமுறையில் எனக்கு ஓர் அடிக்கோல் வாங்கி வந்து, “கணக்குக்காரிக்கு” என்று கன்னத்தைக் கிள்ளினாள். வாழ்க்கையைக் கெடுத்தவளுக்கு யாராவது பரிசு தருவார்களா என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா சிரித்துக்கொண்டே என் கண்ணைத் துடைத்தாள்.

அன்றைக்குக் கூடத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, கையில் குவளையோடு நின்றது நினைவிருக்கிறது. யாரும் அதை வாங்கவில்லை. கடைசியில் முக்காலியில், அக்கா வைத்த ஜாடிக்குப் பக்கத்தில், அதை வைத்தேன். ஜாடி நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.