காப்புக் கையில் கோழி இறக்கை

திம்மப்பனுக்குக் கெட்ட பழக்கம் என்று ஒன்றும் கிடையாது. பீடி இல்லை, சீட்டு இல்லை. சம்பள நாளில்கூடச் சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். இருந்ததெல்லாம் நாக்கு ஒன்றுதான். பேரிகைக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு முதலில் வேலைக்குப் போன சிலரில் அவனும் ஒருவன். அப்பன் ஊரார் நிலத்தில் கூலிக்குக் குனிந்தவர். மகன் லேத்தில் நின்று இரும்பைக் கடைந்தான். ஊரில் அவனுக்குக் 'கம்பெனிக்காரன்' என்று பெயர். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிப்காட் ரோட்டில் ஒரு பார்சல் கடை முளைத்தது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். முன்பலகையில் டிராகன் வரையச் சொல்லியிருக்கிறார்கள். வரைந்தவன் ஓணானைத் தவிர வேறொன்றும் பார்க்காதவன் போலிருக்கிறது. சமைப்பவர் டார்ஜிலிங் பக்கத்து ஆள். எல்லோரும் அவரைச் சைனாக்காரர் என்றே கூப்பிட்டார்கள். மறுத்து மறுத்து அலுத்துப்போய், அவரும் கன்னடத்தில் "ஹௌது" என்று ஒத்துக்கொண்டுவிட்டார். காலிபிளவரை மாவில் தோய்த்துப் பொரித்து, சிவப்புச் சாற்றில் புரட்டி, மேலே வெங்காயத்தாள் தூவிக் கொடுப்பார். கோபி என்று பெயர். ஷிப்டு முடிந்தால் திம்மப்பனின் கால் தானாக அங்கேதான் போகும்.

அந்த வருஷம் மாரியம்மன் பண்டிகைக்குத் தீ மிதிப்பதாக அவன் வேண்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சாந்தம்மா வயிற்றில் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இரண்டுமே வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு போனவை. இப்போது மூன்றாவது, ஏழாம் மாதம். அவள் தூக்கத்தில்கூட வயிற்றின் மேலிருந்து கையை எடுப்பதில்லை. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பயமாக இருக்கும்.

பூசாரி ஆஞ்சப்பன் மஞ்சள் கயிற்றால் அவன் வலது கையில் காப்புக் கட்டினார். கட்டியபின் கறி கூடாது, குடி கூடாது, மனைவியோடு சேரக் கூடாது. பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். தவறினால் ஆத்தா தவறியவனைத்தான் கேட்பாள் என்பதில்லை. அவன் எதற்காக வேண்டினானோ அதைக் கேட்பாள். ஊர் அப்படித்தான் நம்பியது. திம்மப்பனும் அப்படித்தான் நம்பினான். ஆனாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அண்ணா, கோபி துன்னலாமா?" என்று பூசாரியிடமே கேட்டுவிட்டான்.

"கோபின்னா இன்னாடா?"

"பூவுண்ணா. காலிபிளவரு. பொரிச்சுத் தருவாங்க."

"பூவா? பூவு ஆத்தாளுக்கே ஆவும், ஒனக்கு ஆவாதா? துன்னு போ."

அனுமதி கிடைத்துவிட்டது. கம்பெனியில்தான் சிக்கல். ஓடுகிற லேத்துக்குப் பக்கத்தில் கயிறு, மோதிரம் எதுவும் ஆகாது. அவிழ்க்கவும் முடியாது. முழுக்கைச் சட்டை போட்டு, காப்பை முழங்கை வரை ஏற்றி மறைத்துக்கொண்டு வேலை பார்த்தான். ஒளித்துவைத்த சாமி உறுத்திக்கொண்டே இருந்தது.

தீமிதிக்கு இரண்டு நாள் முன்பு, மதிய ஷிப்டு மாறும் நேரம். பக்கத்து மெஷின் செல்லத்துரை, திருநெல்வேலிக்காரன், அவனைக் கடைக்கு இழுத்துப்போனான். காப்பு விஷயம் அவனுக்குத் தெரியும். அவனே ஆர்டர் சொன்னான்: திம்மப்பனுக்குக் கோபி, தனக்குப் புதிதாக வந்திருக்கிற சிக்கன் விங்ஸ். சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் போனான். சைனாக்காரர் பலகையின் மேல் இரண்டு தட்டுகளை வைத்தார். இரண்டிலும் அதே சிவப்பு, அதே வெங்காயத்தாள். பேரிகை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்ற அவசரத்தில், கைக்கு எட்டியதைத் திம்மப்பன் எடுத்துக்கொண்டான்.

முதல் கடியிலேயே காது அடைத்தது. அப்படி ஒரு காரம். காரத்துக்குப் பின்னால் பூண்டும், புளிப்பும், கொஞ்சம் இனிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்றைக்குக் கோபி பிரமாதம் என்று நினைத்தான். மறு கடியில் பல்லில் எதுவோ தட்டியது. பூவின் தண்டாக இருக்கும் என்று நினைத்தான். நாக்கால் தடவிப் பார்த்தான். தண்டு இவ்வளவு வழவழப்பாக இருக்காது.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாயில் இருந்ததைத் துப்பியிருக்கலாம். துப்ப நேரமும் இருந்தது, பக்கத்திலேயே சாக்கடையும் இருந்தது. துப்பவில்லை. மென்று விழுங்கினான்.

"ஏலே, அது என் தட்டுல்லா! கோழி ரெக்கை லே அது!" செல்லத்துரை சிரித்துக்கொண்டே வந்தான். திம்மப்பனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "சரி விடு. தெரியாமத்தான தின்ன? யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

முதல் வாய் தெரியாமல் போனது. இரண்டாவது வாய்? அதைச் செல்லத்துரையிடம் சொல்லத் திம்மப்பனுக்கு நாக்கு எழவில்லை. குழாயடியில் வாய் கொப்பளித்தான். கொப்பளிக்கக் கொப்பளிக்க அந்த ருசி இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் நேராகப் பூசாரி வீட்டுக்குத்தான் போனான். தவறு நடந்தால் காப்பை எல்லார் முன்னாலும் அவிழ்த்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வரிசையிலிருந்து விலக்கிவிடுவார்கள். அதற்கு அவன் தயார்தான். ஆனால் சாந்தம்மாவுக்குத் தெரிந்துவிடும். இனி அவள் வயிற்றில் ஒரு சின்ன வலி வந்தாலும் இந்தக் கோழி இறக்கைதான் அவள் நினைவுக்கு வரும். ஆஞ்சப்பன் வேப்பிலைக் கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"வாடா கம்பெனிக்காரா. இந்த வாட்டி நீதான் மொதல்ல எறங்கற. ஒன்ன மாதிரி சுத்தமா விரதம் இருந்தவன் எவன்டா?"

திம்மப்பன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான்.

அந்த இரண்டு நாளும் அவன் சோற்றைப் பிசைந்தானே தவிர உண்ணவில்லை. சாந்தம்மா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள். கோயில் முன்னால் புளியங்கட்டைகளை அடுக்கி எரித்தார்கள். போன தடவை குடித்துவிட்டு இறங்கிய ஒருவனின் பாதத்தோல் உரிந்து வந்த கதையை யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டபோதுதான் திம்மப்பனுக்கு ஒரு வழி தெரிந்தது. தன் காலை ஆத்தா எடுத்துக்கொள்ளட்டும். கால் போனால் லேத்தில் நிற்க முடியாது, வேலை போகும், போகட்டும். கணக்கு தன்னோடு முடிந்துவிடும். அப்படி நினைத்ததும் பசித்தது.

சாயங்கால வெயிலில் பம்பை முழங்கியது. வாரிச் சமப்படுத்திய தணல் கண்ணைக் கூசவைத்தது. எல்லோரும் நாலு எட்டில் ஓடித்தான் கடப்பார்கள். திம்மப்பன் நடந்தான். ஒவ்வொரு காலையும் அழுத்தி ஊன்றினான். நடுவில் ஒரு கணம் நின்றுவிட்டான். "எடுத்துக்கோ தாயே, என்னை எடுத்துக்கோ" என்று உள்ளுக்குள் கத்தினான். சூடு தெரிந்தது. வலி வரவில்லை. அக்கரையில் பால் ஊற்றிய பள்ளத்தில் கால் வைத்தபோது வெறும் ஈரம்தான் தெரிந்தது.

"நின்னான் பாத்தீங்களாடா! குண்டத்துல நின்னான்!" ஆஞ்சப்பன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். குலவை எழுந்தது. வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாந்தம்மா வந்தாள், கஷ்டப்பட்டுக் கீழே உட்கார்ந்து அவன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு கொப்புளம் இல்ல மாமா! பொட்டு செவப்புகூட இல்ல! ஆத்தா நம்மள ஏத்துக்கினா!"

திம்மப்பனும் பார்த்தான். பாதம் பச்சைக் குழந்தையின் பாதம் போலச் சுத்தமாக இருந்தது. காலைக் கொடுத்தும் ஆத்தா வேண்டாம் என்றுவிட்டாள். கணக்கு இன்னும் முடியவில்லை.

வேண்டுதலை ஆத்தா ஏற்றுக்கொண்ட வீட்டுப் பெண்கள் செய்வதைப் போல, சாந்தம்மா குண்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பிடி சாம்பல் எடுத்தாள். புடவையை விலக்கி வயிற்றில் பூசப் போனாள். திம்மப்பன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம்."

"ஏன் மாமா?"

பம்பை நின்றிருந்தது. ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிடித்த கையை ஒவ்வொரு விரலாக விட்டான். அவள் சிரித்துக்கொண்டே, வயிறு முழுக்க, ஒரு இடம் பாக்கியில்லாமல் பூசிக்கொண்டாள்.