பாலைவனத்தில் இரண்டு விசில்

என் தங்கை புருஷன் பஸ் டிரைவர். அதே பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். இந்த இரண்டே விதியில் அவருடைய உத்தியோகம் முழுக்க ஓடிவிட்டது. சொல்லப்போனால் வீட்டு வாழ்க்கையும்தான். கல்யாண வீட்டில் எல்லோரும் கை கழுவிவிட்டு வந்த பிறகும் இவர் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் பின்னால் போய் இரண்டு முறை கை தட்டினால்தான் எழுந்திருப்பார்.

"பஸ்ஸ ஓட்டுனது நான். மாப்ள சும்மா ஸ்டியரிங்கப் புடிச்சிட்டிருந்தாரு, அவ்வளவுதான்" என்று சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் சொல்வேன். கூட்டம் சிரிக்கும். அவரும் சிரிப்பார், ஆனால் காது மடல் சிவந்துவிடும். தங்கை புருஷன் ஆயிற்றே, நீங்க வாங்க என்று மரியாதையாகத்தான் வம்புக்கு இழுப்பேன்.

இருவரும் ஒரே வருடம் ஓய்வு பெற்றோம். மகள் வேலை பார்க்கும் பாலைவன நாட்டுக்கு அவரும் தங்கையும் போனார்கள். உயரமான கட்டடத்தில் ஒரு ஃபிளாட். தங்கை போன வேகத்தில் டிவி ரிமோட்டைக் கைப்பற்றிவிட்டாள். இவர் பால்கனியில் நின்று, கீழே போகிற பஸ்களுக்கெல்லாம் வலது காலால் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஃபிளாட்காரர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு நல்ல சைக்கிளை விட்டுப்போனார். உடனே எனக்கு போன் வந்தது.

"மச்சான், இந்தப் பாலைவனத்தத் தாண்டுனா அந்தப் பக்கம் கடல் இருக்காம். சைக்கிள்ல போகப் போறேன். தனியா."

"விசில் யாரு மாப்ள அடிப்பா? ஒட்டகமா?"

அந்த ரோஷத்தில் அவர் பந்தயம் கட்டினார். விசில் இல்லாமல் அவர் கடலைத் தொட்டுவிட்டால், பஸ்ஸை ஓட்டியது நான் என்று நான் இனி வாயைத் திறக்கக் கூடாது. பாதியில் நின்றுவிட்டால், அடுத்த கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று "ஓட்டுனது மச்சான்தான்" என்று அவர் வாயாலேயே சொல்வார். எனக்கு அப்போதே வெற்றி பெற்ற மாதிரி இருந்தது.

வளைவே இல்லாத சாலை. ஆயுள் முழுக்க ஸ்டியரிங்கைத் திருப்பிய கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. எதிர்க்காற்று மணலை வாரி முகத்தில் அடித்ததில் பல்லெல்லாம் நறநற. ஆனாலும் மனுஷர் போய்க்கொண்டுதான் இருந்தார். இளைப்பாற நிறுத்தினால், அந்தப் பக்கமாகப் போகும் லாரிக்காரர்கள் தனியாக நிற்கும் சைக்கிள்காரரைப் பார்த்து இரண்டு முறை ஹாரன் அடித்து வாழ்த்துவார்களாம். இவர் கால் தானாகப் பெடலில் ஏறிவிடும். அது விசில் இல்லை என்று காலுக்கு எங்கே தெரியும்?

இன்னொரு வியாதியும் கூடவே போயிருந்தது. ரோட்டோரம் யார் நின்றாலும் இவர் கை பிரேக்கைப் பிடித்தது. ஆடு மேய்க்கிறவர், பஞ்சரான வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர், யாராக இருந்தாலும் அருகில் போய் நிறுத்தி, அவர் ஏறுவதற்காகக் காத்திருந்தார். பாவம், களைத்துப்போய் நிற்கிறார் என்று நினைத்து அவர்கள் தேநீர் கொடுத்தார்கள்.

அப்படி ரோட்டோரம் நின்ற ஒரு மேஸ்திரிதான் இவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். சாலையில் சேரும் மணலை வாரும் தொழிலாளர்களின் குடியிருப்பு, மெயின் ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. அங்கே லாரி போக்குவரத்து கிடையாது, எனவே ஹாரனும் கிடையாது. மறுநாள் காலை இவர் பையைக் கட்டினார், நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார், சைக்கிளில் ஏறி ஒரு காலைத் தரையில் ஊன்றினார். ஊன்றியபடியே இருந்தார். வாசலில் தயங்கும் விருந்தாளிக்கு மனசு நிறையவில்லை என்பது அவர்களுடைய கணக்கு. மேஸ்திரியின் மனைவி முகம் மலர்ந்து மறுபடி ரொட்டி மாவு பிசையப் போனார். மேஸ்திரி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அடுத்த நாள் காலையும் இதே கதைதான்.

நாள்போக்கில் இவர் அந்த வீட்டு மனிதராகிவிட்டார். செருப்பைக் கவிழ்த்து வைத்தால்தான் மணல் சேராது என்று கற்றுக்கொண்டார். தேநீர் குடித்து முடிக்கும்வரை அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் வீட்டில் பெண் எடுத்தவருக்கு அது சொர்க்கமாக இருந்திருக்கும். குடியிருப்பின் தண்ணீர் லாரியை ஓட்டும் வேலையும் கிடைத்தது. தண்ணீர் பிடித்து முடித்த பெண்கள் வாளியால் டேங்கில் டங் டங் என்று தட்டுவார்கள், லாரி உடனே நகரும். சைக்கிளைத் தட்டிவிடத்தான் ஆள் இல்லை. அவர்கள் பாஷையில் இவருக்குக் 'கிளம்பாதவர்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

தங்கை எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, அந்த மனுஷன் அங்கயே வீடு கட்டிருவாரு போலிருக்கு. போன்ல அவங்க பாஷையில சிரிக்கிறாருண்ணா!" என்று பொரிந்து தள்ளினாள். பிறகு குரல் இறங்கியது. "டிவி பாக்கவே புடிக்கல."

நான் அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன மாப்ள, கிளம்பலையா?"

"தினமும் கிளம்புறேன் மச்சான். ஏறி உக்காந்தா கால் எழும்ப மாட்டேங்குது. இவங்களும் பாசமா இருக்காங்க. இப்படியே இருந்துடலாமான்னு தோணுது."

விசில் அடிங்க என்று அவர் கேட்கவில்லை. வீம்பு. நான் சும்மா இருந்தாலே போதும், பந்தயம் என் பக்கம். அடித்தேனோ, போய்க் கடலைத் தொட்டுவிட்டு விசிலா, எந்த விசில் என்று கேட்பார். அவரை எனக்குத் தெரியாதா? ஆனால் இந்த மனுஷர் திரும்பி வராவிட்டால் நான் யாரை வம்புக்கு இழுப்பேன்? யார் காது மடல் எனக்காகச் சிவக்கும்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

விசில் சட்டைப் பையில்தான் இருந்தது. ஓய்வு பெற்றவனுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள்.

"சைக்கிள்ல ஏறுங்க மாப்ள. போன ஸ்பீக்கர்ல போடுங்க."

இரண்டு முறை ஊதினேன். சமையலறையில் என் மனைவி கரண்டியைக் கீழே போட்டாள்.

"ரைட், போலாம்!"

செயின் கிறீச்சிட்டது. மேஸ்திரியின் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயின. அப்புறம் காற்றும் பெடலும் மட்டும் கேட்டன.

"மாப்ள, விசில் கேட்டுச்சா?"

"என்ன மச்சான்? ஒண்ணும் கேக்கல! இங்க சிக்னலே இல்ல!" என்று மூச்சிரைக்க மிதித்துக்கொண்டே கத்தினார்.

கடலைத் தொட்டுவிட்டார். ஊருக்கும் வந்துவிட்டார். இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், விசில் இல்லாமல் பாலைவனத்தைக் கடந்த கதையை என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி சொல்கிறார். நான் வாயைத் திறப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவர் காலித் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், நான் போய் இரண்டு முறை கை தட்டுகிறேன். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் பந்தயம். எழுதக் கூடாது என்று மாப்பிள்ளை சொல்லவே இல்லை.