மேடையில் ரப்பர் செருப்பு

நான் தைரியசாலி என்று எங்கள் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரவில்லை.

அப்போது கும்பகோணத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். என் ஆம்ப்ளிஃபையர் பழைய வால்வு செட். எங்கள் பக்கத்துக் கரண்ட் ஏறி இறங்கிய லட்சணத்தில் அதன் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. சொந்த ஊர்த் திருவிழாக் கச்சேரிக்கு நான்கே நாள். புதிதாகச் சுற்றித் தர ஒரு வாரம் ஆகும் என்ற மெக்கானிக், பிறகு அவரே ஒரு வழி சொன்னார். சில பழைய ரேடியோக்களில் இருப்பதுபோல டிரான்ஸ்பார்மரே இல்லாமல், லைன் கரண்ட்டை நேராக உள்ளே விட்டு, அதற்கேற்ற வால்வுகளை மாட்டிக் கொடுத்தார். சத்தம் முன்பைவிடக் கணீரென்று இருந்தது.

"ஒரே ஒரு விஷயம் தம்பி," என்றார். "பிளக்க தலைகீழா மாட்டிட்டா பெட்டி, கிதார் கம்பி எல்லாத்துலயும் கரண்டு வந்துரும். செவப்புப் பொட்டு வச்சிருக்கேன், அது மேல இருக்கணும். எதுக்கும் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டே வாசிங்க. காலு தரையில படலன்னா உங்கள ஒண்ணும் செய்யாது. ஆனா அந்த நேரத்துல உங்கள யாராச்சும் தொட்டா, அவங்கள அடிச்சிரும்."

இதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். கச்சேரி ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அது அறுப்புக் கூலித் தகராறு நடந்த வருஷம். எங்கள் தெருக்காரர்கள் கூலி உயர்த்திக் கேட்டு வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். அடிதடி, போலீஸ், கேஸ் எல்லாம் ஆனது. கூலிச் சட்டம் சென்னையில் எப்போதோ போட்டாகிவிட்டது; எங்கள் ஊருக்கு வரத்தான் அதற்கு பஸ் கிடைக்கவில்லை. கடைசியில் தாசில்தார் முன்னிலையில் சமாதானம் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சமாதானத்தை ஊரே பார்க்கட்டும் என்று விழாக் குழுவினர் ஒரு யோசனை செய்தார்கள். கிதார் வாசிக்கும் எங்கள் தெருப் பையனுக்கு மிராசுதாரே மேடையேறிப் பொன்னாடை போர்த்துவது. பையன் என்றால் நான்தான்.

மேடை அம்மன் சன்னிதியைப் பார்த்தபடி இருந்தது. செருப்போடு யாரும் ஏறுவதில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மிராசுதார் தெருவைக் கடக்கும்போது என் அப்பா அன்றைக்கும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார். அந்த மிராசுதார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, நான் ரப்பர் செருப்போடு மேடையில். ஆம்ப்ளிஃபையர் பெட்டியை முன்னால் நகர்த்தி, கால் தெரியாதபடி அதன் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

கரண்ட் பக்கத்துப் பம்புசெட் கொட்டகையிலிருந்து வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் மைக் செட்காரர் என் பிளக் அவருடைய பலகையில் பொருந்தவில்லை என்று அதை வெட்டி எறிந்திருந்தார். சிவப்புப் பொட்டும் அதோடு போயிற்று. இரண்டு வயரையும் துளைகளில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார். கிதார் கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. சரி, அம்மன் காப்பாற்றினாள் என்று ஆரம்பித்தேன்.

இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மைக் செட்காரர் என் வயரை உருவி மறுபடி செருகுவதைப் பார்த்தேன். எந்த வயர் எந்தத் துளையில் போனது என்று அவருக்கே தெரியாது. நான் டெஸ்டரை எடுப்பதற்குள் தபேலாக்காரர் பாட்டை எடுத்துவிட்டார். கோரஸ் பாட மைக்கில் வாயை வைத்தேன். உதட்டில் நீலமாக ஒரு பொறி. பல்லெல்லாம் கூசியது.

ஆக, என் உடம்பில் கரண்ட் நிற்கிறது. செருப்பு மட்டும்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் நான்கு வரி, முடிந்ததும் வயரைப் பிடுங்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்த நொடியே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்துவிட்டது. மிராசுதார் படியேறிக்கொண்டிருந்தார். சாமி கும்பிட்ட ஈர வேட்டி. வெறுங்கால். இரண்டு கையிலும் விரித்த பொன்னாடை.

கம்பியிலிருந்து கையை எடுத்திருக்கலாமே என்பீர்கள். பயந்தவனுக்கு விரல் விரியாது. இவர் என்னைத் தொட்டால் விழுவார். விழுந்தால் விபத்து என்று எவன் நம்புவான்? எங்கள் தெருவில் அத்தனையும் கூரை வீடுகள். அவர் கை என் தோளுக்கு வந்தது. நான் துள்ளிப் பின்னால் குதித்தேன். பெட்டி மறைத்திருந்த செருப்பு ஊருக்கே தெரிந்தது.

மைக் செட்காரர் பதறி வயரைப் பிடுங்கினார்.

"ஷாக்... ஷாக் அடிக்கும்ங்க," என்று உளறினேன்.

"எங்க, காட்டு," என்றார் மிராசுதார்.

டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். பிடுங்கிய வயரில் என்ன எரியும்?

"கரண்ட்ட போடச் சொல்லு."

மைக் செட்காரர் மறுபடி தீக்குச்சியைத் தேடினார். என் கிதாரில் கரண்ட் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். டெஸ்டர் எரியவில்லை. பாவி, இந்தத் தடவை சரியாகச் செருகிவிட்டார்.

மிராசுதார் டெஸ்டரைப் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார். பிறகு பொன்னாடையை என் தோளில் போட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். அவர் இறங்கிப் போனதும் எங்கள் தெரு ஆட்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு விசில் பறந்தது. நான் வேண்டுமென்றே செய்ததாக அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

மூன்று நாள் எங்கள் தெரு தூங்கவில்லை. கூரைகள்மேல் நனைத்த சாக்குகளைப் போட்டு, ஆண்கள் முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று பார்த்தால், போகிறவர் வருகிறவரெல்லாம் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நான்காம் நாள் காலையில் மிராசுதாரின் காரியக்காரர் எப்போதும்போல வந்து வரப்பு வெட்ட ஆள் கூப்பிட்டார். அவ்வளவுதான், எதுவும் நடக்கவில்லை.

அப்பா மண்வெட்டியோடு கிளம்பினார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"நெசமாவே கரண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா. பயத்துலதான் குதிச்சேன்."

அவர் முகம் சுருங்கியது.

"சரி. இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத," என்றார்.

வயலுக்குப் போக மிராசுதார் தெரு வழிதான். அதன் முனைவரை பார்த்துக்கொண்டே நின்றேன். எப்போதும் குனியும் இடத்தில் அப்பா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு குனியாமல் நடந்தார். செருப்பு காலிலேயே இருந்தது.