எக்ளிண்டன் வழியாக மேற்கே

நான் ஸ்காபரோவில் கார் பழக்குகிறேன். பெண் என்பதால் என்னிடம் வருபவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். ஒரு கார்த்திகை மாதம், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் நான் ஏற்றிய பெண் ஹொண்டுராஸிலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். மிசிசாகாவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை, மாலையில் தொடங்கும். பஸ், சப்வே, மறுபடியும் பஸ் என்று போய்வந்து களைத்து, கார் ஓடப் பழகுவதென்று முடிவெடுத்திருந்தார். அவருடைய மொழி ஸ்பானிஷ். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் வெட்கம் இருக்கவில்லை. அவர் என்னை ‘மாஎஸ்த்ரா’ என்றார். ரீச்சர் என்று பொருளாம். நான் அவரைத் தங்கச்சி என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் நன்றாகக் கார் ஓடினார். பனி கொட்டும் நாட்களில் மற்ற மாணவிகள் வகுப்பை ரத்துச் செய்வார்கள். இவர் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார். வளைவில் கார் வழுக்கினாலும் பதற மாட்டார். அதிகம் பேசவும் மாட்டார். பிள்ளைகள் இருவர், பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பதற்குமேல் எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் தடவையிலேயே டெஸ்ட் பாஸ் பண்ணிவிடுவார் என்று நம்பியிருந்தேன்.

சித்திரை கடைசியில் பனி போய், மோட்டார் சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. கென்னடி வீதியில் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தோம். ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து அவருடைய ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றான். விளக்குப் பச்சையானது, அவன் போய்விட்டான். எங்கள் கார் மட்டும் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தன. கண் எதையும் பார்க்கவில்லை. நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஆளை மெதுவாக இறக்கி இடம் மாற்றி ஓட்டிவந்தேன். அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த கிழமையும் அதுவே நடந்தது.

அன்று ஒரு கோப்பிக் கடையின் பார்க்கிங்கில் காரை நிறுத்தினேன். என்னவென்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். கணவர் ஊரில் மினிபஸ் ஓட்டியவர். இவர் பக்கத்தில் இருந்து டிக்கெட் காசு வாங்குவார். கப்பம் கேட்டு மாதாமாதம் மோட்டார் சைக்கிளில் இருவர் வருவார்கள். ஒரு மாதம் கணவர் கொடுக்க மறுத்துவிட்டார். சில நாள் கழித்து, ஒரு சந்தியில் பஸ் நின்றபோது அந்த மோட்டார் சைக்கிள் கணவரின் பக்க ஜன்னலோடு ஒட்டி வந்து நின்றது. இதையெல்லாம் அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். நான் போர் நடந்த மன்னாரில் பிறந்தவள். இப்படியான கதைகளை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியும். கேட்ட பிறகு என்ன செய்வதென்றுதான் தெரியாது.

யாரிடமாவது போய்ப் பேசினாரா என்று கேட்டேன். போயிருந்தார். குடும்ப டொக்டர் ஓர் ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறார். ஆங்கிலம் பேசும் இளம்பெண், நல்ல பிள்ளை. மேசையில் ஒரு ஃபோனை வைத்து, அதில் ஒரு மொழிபெயர்ப்பாளர். வேறு ஏதோ நாட்டு ஸ்பானிஷ் பேசும் ஆண்குரல். உட்கார்ந்தவுடன், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா, கவலை பத்தில் எத்தனை என்று கேள்விகள். கணவர் செத்த விதத்தை அந்த முகமில்லாத ஆணுக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஐந்து என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இரண்டாம் முறை போனபிறகு போகவில்லை.

“எனக்கு விசர், பைத்தியம் ஒன்றும் இல்லை, மாஎஸ்த்ரா,” என்றார். “எனக்கு நேர்வியோஸ்.”

நரம்பு என்று அர்த்தமாம். ஆனால் நரம்பு மட்டும் இல்லை. நித்திரை இன்மை, நெஞ்சு படபடப்பு, பிள்ளை பிந்தி வந்தால் வரும் நடுக்கம், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும் என்று விளக்கினார். எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் ஆட்கள் இதையெல்லாம் ‘யோசனை’ என்ற ஒரே சொல்லில் சொல்லி முடிப்பார்கள். அவவுக்கு ஒரே யோசனை என்றால் அதற்குமேல் எவரும் விளக்கம் கேட்பதில்லை.

தன்னுடைய மொழியிலேயே பேசுகிற ஓர் இடம் இருப்பதாகக் கத்தோலிக்கக் கோயிலில் அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நகரத்தின் மேற்கே, கீல் வீதிக்குக் கிட்ட. வியாழக்கிழமை மதியம் ஸ்பானிஷ் பேசும் பெண்கள் கூடுவார்களாம். ஆனால் டோர்செட் பார்க்கிலிருந்து பஸ்ஸில் அங்கே போய்த் திரும்பினால் வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாது. நான் கொஞ்சம் யோசித்தேன். அவருக்கு இன்னும் வகுப்புகள் மீதி இருந்தன. இரண்டு வகுப்பை ஒன்றாக்கினால், அந்த இடத்துக்கு அவரே ஓட்டிப் போகலாம். அங்கிருந்து மிசிசாகா பக்கத்தில்தான். வேலைக்கும் நானே இறக்கிவிடலாம்.

நெடுஞ்சாலையைத் தொடாமல், எக்ளிண்டன் வீதி வழியாக நேரே மேற்கே போனோம். சந்திக்குச் சந்தி விளக்கு. ஒவ்வொரு விளக்கிலும் அவர் இடப்பக்கம் பார்த்தார். எனது காலும் பிரேக்கில் இருக்கிறது, நீர் உமது வேலையைப் பாரும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வழியில் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டிய பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது. அவர் நடுங்கினார். ஆனால் பச்சை வந்தபோது காரை எடுத்தார். எடுத்து, அடுத்த பக்கத் தெருவில் நிறுத்திவிட்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிக்னல் போட்டு வெளியே வந்தார்.

போய்ச் சேர்ந்ததும் நான் காரில் இருக்கலாம் என்று நினைத்தேன், அங்கிருந்த பெண்கள் விடவில்லை. உள்ளே கூட்டிப்போனார்கள். வட்டமாகக் கதிரைகள், கோப்பி, இனிப்புப் பாண், யாருடைய மடியிலோ ஒரு குழந்தை. ஆலோசகர் சிலி நாட்டவர், நரைத்த குட்டை முடி, எழுபதை நெருங்கிய வயது. அவரும் ஒரு காலத்தில் நாட்டைவிட்டு ஓடிவந்தவர்தானாம். அவர் எவரிடமும் பிரச்சினை என்னவென்று கேட்கவில்லை. தங்கச்சியிடம் அவர் முதலில் கேட்டது, கணவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று; இதைத் தங்கச்சி எனக்குப் பிறகு சொன்னார். அவரைக்கொட்டை என்று அவர் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் மறுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவரைக்கொட்டை சமைக்கும் விதத்தைப் பற்றி மூன்று நாட்டுப் பெண்கள் சத்தமாகத் தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். என் காரில் குளிர்காலம் முழுவதும் பத்து வசனம் பேசாத பெண் கையை ஆட்டி ஆட்டி வாதாடினார். கணவர் எப்படிச் செத்தார் என்பதை அவர் அங்கே சொன்னது, அதற்குப் பிறகு பல வியாழக்கிழமைகள் கழித்து.

வகுப்புகள் முடியும் தறுவாயில் அவர் இன்னொன்று சொன்னார். தன் கட்டடத்திலேயே இப்படி மூன்று நான்கு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னைப் போல ஒரு மாஎஸ்த்ரா இல்லை. ஸ்காபரோவில் ஓர் அறை கிடைத்தால் வியாழன் காலையில் தானே வருவதாக ஆலோசகர் சொல்லியிருந்தார். எங்கள் கோயிலில் ஒரு மண்டபம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிய அங்கே ஸ்பானிஷ் பூசை நடக்கும். அவர்கள் உள்ளே போக, நாங்கள் வெளியே வருவோம். ஒருவருக்கொருவர் தலையசைப்பதோடு சரி. மண்டபத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பு கோயில் சபையைச் சேர்ந்த ஓர் அண்ணையிடம் இருந்தது. ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். சுவாமியார் முதலில் அவரிடம் கேட்கச் சொன்னார். போய்க் கேட்டேன்.

“பிள்ளை, உது என்ன கூட்டம்? விசருக்குப் பாக்கிற ஆக்களோ?”

“விசர் இல்லை அண்ணை. யோசனை. எங்கட ஆக்களுக்கு இருக்கிற அதே யோசனைதான்.”

“அப்ப கோயிலுக்கு வந்து செபிக்கலாம்தானே.”

“அவையும் செபிக்கினம். செபிச்ச பிறகும் நித்திரை வரேல்லை எண்டால் என்ன செய்யிறது அண்ணை?”

சனம் கதைக்கும் என்றார் அவர். பிறகு, சரி, பின்கதவால வந்து போகச் சொல்லும் என்றார்.

“முன்கதவாலதான் வருவினம். பின்கதவெண்டால் ஒருத்தரும் வரமாட்டினம், அண்ணை.”

ஒரு மாதம் பார்ப்போம் என்று அவர் ஒத்துக்கொண்டார். முதல் நாள் அவர் மண்டபத்தை ஒட்டிய, சமைக்கும் குசினியில், கதவைப் பாதி திறந்துவைத்து, காவல் மாதிரி இருந்தார். இரண்டாம் நாள் பெண்கள் அவருக்குக் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு மாதம் முடிந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆலோசகரின் பஸ் பிந்தி வந்தால் அண்ணை வாசலில் நின்று வீதியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

ஆவணியில் தங்கச்சி டெஸ்டுக்குப் போனார். பெயில். தரிப்புக் கோட்டில் முழுதாக நிறுத்தவில்லையாம். மோட்டார் சைக்கிளால் இல்லை, சாதாரண பிழை என்பதில் அவருக்கு ஒரே சந்தோஷம். புரட்டாசியில் பாஸ் பண்ணினார்.

அதைக் கொண்டாட அந்த வியாழன் என்னையும் மண்டபத்துக்கு அழைத்தார். கேக் வெட்டிய பிறகு வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் இங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசினார்கள். என் முறை வந்தபோது, எனக்கு இங்கிலிஷில் இதெல்லாம் வராது என்றேன்.

“உங்கள் மொழியில் சொல்லுங்கள், மாஎஸ்த்ரா,” என்றார் தங்கச்சி. “நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.”

நான் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டவன், அம்மா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றும் கேளாமல் போனவன், திரும்பி வரவில்லை. எங்கே விசாரித்தோம், எந்த இராணுவ முகாம் வாசலில் அம்மா நின்றார் என்றெல்லாம் சொன்னேன். ஒரு சொல்லும் விளங்காத பெண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ரொறன்ரோவுக்கு வந்த பிறகு இதை நான் தமிழில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

தமிழ் விளங்கிய ஒருவர் குசினியில் இருந்தார். நான் முடித்தபோது அண்ணை கதவடியில் நின்றார்.

“தம்பிக்கு அப்ப எத்தினை வயசு, பிள்ளை?”

“பத்தொன்பது அண்ணை.”

“என்ர மூத்தவனும் அந்த வயசிலதான்...” என்றார். எத்தனையோ வருடமாக ஒரே கோயிலுக்குப் போகிறோம். இருவருக்கும் மற்றவருடைய கதை தெரியாது. ஆலோசகர் எழுந்து, வட்டத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அண்ணை தயங்கிவிட்டு வந்து அமர்ந்தார்.

அந்தக் கூட்டம் இப்போதும் நடக்கிறது. ஆலோசகர் வயது காரணமாக மாதம் ஒருமுறைதான் வருகிறார். மற்ற வியாழன்களில் பெண்கள் தாங்களே கூடுகிறார்கள். தமிழில் அப்படி ஓர் ஆலோசகரைத் தேடி அண்ணையும் நானும் சில இடங்களில் விசாரித்தோம். ஒருவர் யூனியன்வில்லில் கிடைத்திருக்கிறார், தை பிறந்த பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

தங்கச்சி பழைய கார் ஒன்று வாங்கினார். பயம் முற்றாகப் போய்விட்டது என்று அவர் ஒருபோதும் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்தால் கை இன்னும் இறுகும், இறுகினாலும் கார் நகர்கிறது என்பார். வியாழக்கிழமைகளில் தன் கட்டடத்துப் பெண்கள் மூவரை ஏற்றிக்கொண்டு வருகிறார். அவர்களில் ஒருத்தி போன கிழமை எனக்கு ஃபோன் எடுத்து, கார் பழக எப்போது தொடங்கலாம் என்று கேட்டாள்.